டவுன் பஸ்ஸில் போன தாய்மாமன் சீர்

லாஸ்பேட்டையில் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிற தணிகாசலம், மேட்டிலிருந்து கருவடிக்குப்பம் பக்கம் இறங்கும்போது ஸ்கூட்டர் எஞ்சினை அணைத்துவிடுவார். இறக்கம்தானே, வண்டி தானாக உருளும், எதற்குப் பெட்ரோல்? சாவியைத் திருப்பிவிட்டால் ஹாரனும் அடிக்காது. அதனால் "ஓரம், ஓரம்" என்று வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் பூனை மாதிரி வருவார். பெட்ரோல் இங்கே சல்லிசு என்று தமிழ்நாட்டுக்காரர்கள் எல்லை தாண்டி வந்து டேங்க் நிறைய அடித்துக்கொண்டு போகிற ஊர் இது. அந்த ஊரிலேயே பிறந்தவர் இப்படி உருட்டிக்கொண்டு வந்தால் பார்க்கிறவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

அதற்காக அவரைக் கருமி என்று சொல்லிவிட முடியாது. சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். கருமி என்றால் அடுத்தவன் பசித்து நிற்கும்போது கதவைச் சாத்துகிறவன். தணிகாசலம் அப்படியில்லை. கை இறுக்கம், அவ்வளவுதான். தனக்கென்று மிச்சம் பிடிக்கிற மாதிரியே அடுத்தவர் காசையும் மிச்சம் பிடிப்பார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரின் பென்ஷன் வருகிற சொல்தா வீட்டம்மா ஒருநாள், இந்தக் கிரைண்டரைக் கடாசிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். கிரைண்டரின் கல்லைத் தடவித் தடவிப் பார்த்த தணிகாசலத்துக்கு மனசு கேட்கவில்லை. மூன்று நாள் அதன் முன்னால் உட்கார்ந்து ஓடவைத்துவிட்டு, நூற்றிருபது ரூபாய் வாங்கிக்கொண்டார். புதிது விற்கிற கடைக்காரருக்கு அவர்மேல் இன்றைக்கும் கோபம் தீரவில்லை.

கை பிறவியிலேயே இறுகிப் போனதும் இல்லை. மில்லில் வேலை பார்த்த காலத்தில் சம்பள நாளன்று வீட்டுக்கு அல்வாப் பொட்டலம் வரும். மில்லை மூடிய வருஷம் அவருக்கு முப்பது வயது. அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தங்கை கார்குழலிக்கு அப்போது பன்னிரண்டு வயது, அவரைவிடப் பதினெட்டு வயது இளையவள், தங்கை என்று பெயர்தானே தவிர வளர்த்த பிள்ளை. சம்பளம் நின்றுபோன ஏழெட்டு மாதம், ஒரு தேங்காயை மூன்று நாளைக்கு ஓட்டி, ஒரு சோப்பை இரண்டாக அறுத்து, அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தாமல் படிக்கவைத்தார். அப்போது மூடிய கைதான். பிறகு கடை வைத்தார், நாலு காசு வந்தது, கை மட்டும் திறக்க மறந்துவிட்டது.

மறந்த கை செய்த வேலை ஒன்று உண்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கார்குழலியைக் காலாப்பட்டில் அருள்முருகனுக்குக் கட்டிக்கொடுத்தார். நகையில் குறை வைக்கவில்லை, பாத்திரம் பண்டத்தில் குறை வைக்கவில்லை. கடைசியில் சமையல்காரர் இரண்டு அண்டா பாயசம் என்று எழுதிய இடத்தில் ஒரு அண்டா போதும் என்று சொல்லிவிட்டார். வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி, யார் பாயசம் குடிக்கப் போகிறார்கள் என்பது அவர் நியாயம். சர்க்கரைக்காரர்கள்தான் முதலில் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்கள். மூன்றாம் பந்தியில் மாப்பிள்ளையின் அக்கா சிவசங்கரி உட்கார்ந்திருந்தாள். பாயசம் வரும் வரும் என்று அப்பளத்தைக் கையில் நொறுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பாயசம் வரவில்லை, மோர்தான் வந்தது. சிவசங்கரி இலையை மடிக்காமல் எழுந்து போனாள்.

இலையை மடிக்காமல் போவது என்ன என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். மனசு நிறைந்தவள் இலையைத் தன் பக்கம் மடிப்பாள். மடிக்காமல் விட்டால் கணக்கு தீரவில்லை என்று அர்த்தம். அன்றிலிருந்து இன்றுவரை கார்குழலி புகுந்த வீட்டில் பொங்கலோ பிறந்தநாளோ பாயசம் என்று ஒன்று வைத்துவிட்டால் போதும், சிவசங்கரி கரண்டியை எட்டிப் பார்த்து, "அண்ணன் வூட்டு அளவுல ஊத்தாத கார்குழலி" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரித்துக்கொண்டு சொல்வதுதான் தைக்கும். கார்குழலி பதிலுக்கு ஒரு வார்த்தை பேசினதில்லை. அண்ணனிடமும் சொன்னதில்லை. தணிகாசலத்துக்கு அது மனைவி நிர்மலா வழியாகத்தான் தெரியும்.

ஒன்பது வருஷம் காத்திருந்து கார்குழலிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. சிந்துஜா. அதற்கு மூன்று வயது நிறைந்து காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்தவேண்டும், தாய்மாமன் சீர் வாசலுக்கு வந்த பிறகுதான் குழந்தையை மணையில் உட்காரவைக்கவேண்டும். கார்குழலி போன் பண்ணி நாள் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு மணிக்கு எமகண்டம், அதற்குள் முடிக்கவேண்டும் என்றாள். போனை வைக்கிறதுக்கு முன்னால் ஒன்று சொன்னாள்.

"அண்ணா, நீ ஒண்ணும் செய்யாட்டியும் எனக்கு வருத்தம் இல்ல. ஆனா செஞ்சா, கடைசியில போயி எதையாச்சும் கொறச்சுப்புடாத. அந்த வூட்ல நான் தலை நிமிந்து நிக்கணும்."

அந்த வார்த்தை தணிகாசலத்தின் நெஞ்சில் ஸ்க்ரூ மாதிரி ஏறி உட்கார்ந்துகொண்டது. மறுநாளே நிர்மலாவை அழைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். பட்டுப்பாவாடை எடுத்தார், விலையைக் கேட்டார், இன்னொரு தடவை கேட்டார், எடுத்தார். கல் வைத்த கம்மல், வெள்ளிக் கொலுசு, வளையல். மாதுளை, ஆப்பிள், ஆரஞ்சு, ஜாங்கிரி, லட்டு, கற்கண்டு, ஒரு ஆள் உயர பொம்மை. மொத்தம் முப்பத்தொரு தட்டு. எல்லாவற்றுக்கும் மேலே பளபளவென்று கண்ணாடித் தாள் சுற்றி ரிப்பன் கட்டியாயிற்று. நிர்மலா நடுவில் ஒருதரம் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

இவ்வளவும் செய்தவர் எங்கே சறுக்கினார் என்றால், இரண்டு இடத்தில். சீருக்கு வாருங்கள் என்று சொந்தக்காரர்களை வீடு வீடாகப் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவேண்டும். பெட்ரோல் ஆகுமே என்று போனிலேயே சொல்லி முடித்துவிட்டார். நேராகக் காலாப்பட்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிடுங்கள், அங்கிருந்து ஆளுக்கொரு தட்டாக எடுத்துக்கொண்டு போகலாம் என்றும் சொல்லிவைத்தார். இரண்டாவது, வண்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நின்ற குட்டியானை டிரைவர் ஆயிரத்தைந்நூறு கேட்டார். தணிகாசலம் எண்ணூறு என்றார். பத்து கிலோமீட்டருக்கு ஆயிரத்தைந்நூறா, யானையே வாங்கிவிடலாமே என்றும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார். அந்தச் சேர்த்த வார்த்தைக்குத்தான் டிரைவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

நிர்மலா பட்டுப்புடவையோடு வாசலில் நின்றபடி, கார்குழலி என்ன சொன்னாள் என்று மட்டும் கேட்டாள். தட்டில் குறைத்தேனா, வண்டியில்தானே குறைத்தேன், வண்டியை யார் பார்க்கப் போகிறார்கள் என்றார் தணிகாசலம். தெருமுனை இஸ்திரிக்காரரிடம் போய், வீட்டு ஃபேனைச் சரி பண்ணிக் கொடுப்பதாகப் பேசி, அவருடைய தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். முப்பத்தொரு தட்டும் இஸ்திரி வண்டியில் ஏறின. இறக்கம்தான், உருண்டுவிடும் என்றார். உருளத்தான் செய்தது. இஸ்திரிக்காரர் முன்னால் நின்று வண்டியைப் பிடித்துப் பிடித்து விட, தணிகாசலம் பின்னால் இழுத்துப் பிடிக்க, நிர்மலா கம்மலும் கொலுசும் இருந்த பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தெரிந்தவர் யாரும் வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே நடந்தாள். ஈ.சி.ஆர். ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்தேகால்.

காலாப்பட்டுக்குப் போகிற டவுன் பஸ் வந்தது. கண்டக்டர் ராஜ்கமல் படியில் தொங்கியபடியே தட்டுகளைப் பார்த்தான். இதென்ன, கல்யாண மண்டபத்தையே ஏற்றுகிறீர்களா என்றான். ஏற்றிக்கொண்டான், ஆனால் தட்டுக்குத் தட்டு லக்கேஜ் போடவேண்டும் என்று சொல்லிவிட்டான். தணிகாசலம் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தார். வண்டியில் மிச்சம் பிடித்ததில் கணிசமான பங்கு இங்கே போய்விடும் போலிருந்தது. பஸ்ஸைச் சுற்றிப் பார்த்தார். உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் மடி இருந்தது. மடியெல்லாம் காலியாக இருந்தது.

"மடியில இருக்கறது லக்கேஜ் ஆவாது தம்பி. அப்பறம் அந்தம்மா மடியில இருக்கற புள்ளைக்கும் லக்கேஜ் போடுவியா?"

ராஜ்கமல் வாயைத் திறப்பதற்குள் தட்டுகள் போக ஆரம்பித்துவிட்டன. ஒவ்வொருவரிடமும் எங்கே இறங்குகிறீர்கள் என்று கேட்டுக்கேட்டு, தூரம் போகிறவர்களாகப் பார்த்துக் கொடுத்தார். யுனிவர்சிட்டி ஹாஸ்டலுக்குப் போகிற பெண்பிள்ளைகள் ஆறு பேர், பையன்கள் ஒன்பது பேர் ஆளுக்கொன்று வாங்கினார்கள். ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி முடித்துவிட்டு வந்த நர்ஸ் ஒருத்தி ஆரஞ்சுத் தட்டை வாங்கி, அதன்மேலேயே கன்னத்தை வைத்துத் தூங்கினாள். கொத்தனார் ஒருவருக்குப் பொம்மை கிடைத்தது. பின் சீட்டில் பிள்ளைச்சாவடியைச் சேர்ந்த மீன்காரம்மா சின்னப்பாப்பா, மீனை விற்றுத் தீர்த்துவிட்டுக் காலிக் கூடையோடு கூட்டாளிகள் இரண்டு பேருடன் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் கொடுக்கலாமா என்று தணிகாசலம் ஒரு நொடி தயங்கினார். அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"சோப்புப் போட்டுக் கழுவுன கை. வேணும்னா மோந்து பாத்துட்டுக் குடு" என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

பஸ்ஸே சிரித்தது. தணிகாசலத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருந்ததிலேயே நல்ல தட்டாக, பட்டுப்பாவாடை வைத்த தட்டை அவள் கையில் கொடுத்தார். அவள் அதை மடியில் வைக்கவில்லை. கூடையைக் காலால் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு, தட்டை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தொரு தட்டும் முப்பத்தொருவர் கையில். லக்கேஜ் ஒரு பைசா இல்லை. தணிகாசலம் ஜன்னலோரம் சாய்ந்து, கோட்டக்குப்பம் தாண்டுகிறவரைக்கும் புன்னகை மாறாமல் வந்தார். பிறந்ததிலிருந்து அவ்வளவு நிம்மதியாக அவர் பஸ்ஸில் போனதில்லை.

பிள்ளைச்சாவடி நெருங்கியது. சின்னப்பாப்பா இறங்கவேண்டிய இடம். நிர்மலா எழுந்து போய் தட்டை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். சின்னப்பாப்பா தட்டைத் தோள்பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"நல்லா இருக்குதே நாயம். கையில எடுத்த சீரைப் பாதி வழியில எறக்குவாங்களா? புள்ளைக்கு ஆவாதும்மா. எடுத்த கைதான் வாசல்ல கொண்டுபோயி வைக்கணும். அதான் எங்க மொறை, உங்க மொறையும் அதான். நான் வரேன்."

கூட்டாளிகள் இரண்டு பேரும் நாங்களும் வருகிறோம் என்றார்கள். யுனிவர்சிட்டிப் பெண்களில் ஒருத்தி, அப்படியென்றால் நாங்களுமா என்று கேட்டாள். வேறென்ன, தூக்கினவள் நீதானே என்றாள் சின்னப்பாப்பா. பையன்கள் பஸ் கூரையைத் தட்டி விசில் அடித்தார்கள். கொத்தனார் பொம்மையை நிமிர்த்தி உட்காரவைத்தார். தூங்கின நர்ஸ் கண்ணை விழித்து என்ன விஷயம் என்று கேட்டு, தெரிந்துகொண்டு, முகத்தைத் துடைத்துப் பவுடர் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள்.

தணிகாசலத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆள் கூலி இல்லாமல் ஊர்வலமே கிடைத்துவிட்டதே. அந்தச் சந்தோஷம் எவ்வளவு நேரம் இருந்தது என்றால், சின்னப்பாப்பா அடுத்த வார்த்தையைச் சொல்கிற வரைக்கும்.

"சீர் தூக்கிட்டு வர்றவங்களுக்குத்தான் மொதல் பந்தி போடுவாங்க. காலையில இருந்து ஒண்ணும் துண்ணல, நல்ல நேரந்தான்."

தணிகாசலம் தலைகளை எண்ணினார். அவரும் நிர்மலாவும் போக இருபத்தொன்பது பேர், எல்லாரும் காலை வெயிலில் வந்தவர்கள், அதில் ஒன்பது பேர் ஹாஸ்டல் சோறு தின்கிற பையன்கள். கார்குழலி எத்தனை இலைக்குச் சொல்லியிருப்பாள் என்று அவருக்குத் தெரியும், எண்ணி எண்ணித்தான் சொல்லியிருப்பாள், அவள் வளர்ந்த வீடு அப்படி. சோறு, சாம்பார் எப்படியும் சமாளித்துவிடலாம், அரிசி போட்டால் வெந்துவிடும். பாயசம்? மூன்றாம் பந்திக்கு வரும்போது பாயசம் தீர்ந்திருக்கும். மூன்றாம் பந்தியில் சிவசங்கரி உட்கார்ந்திருப்பாள். வேண்டுமென்றே உட்காருவாள். அப்பளத்தை நொறுக்கி வைத்துக்கொண்டு பார்ப்பாள். பன்னிரண்டு வருஷம் கழித்து அதே அண்ணன், அதே பாயசம், அதே இலை.

பஸ் பிள்ளைச்சாவடியில் நின்றது. தணிகாசலம் தன் கையிலிருந்த தட்டை டிரைவரின் பக்கத்து பானட் மேல் வைக்கப் போனார். சின்னப்பாப்பா பின்னாலிருந்து ஓ என்று குரல் கொடுத்தாள். அதனால் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே குதித்து இறங்கி, ரோட்டோரப் பால் பூத்துக்கு ஓடினார். பத்து லிட்டர் பால் என்றார். பக்கத்து மளிகைக் கடையில் சேமியா, சர்க்கரை, ஏலக்காய், திராட்சை, நெய். ஒரு கையில் தேங்காய் பழத் தட்டு, மறு கையில் பணப்பை. பல்லால் பையின் ஜிப்பை இழுத்துத் திறந்தார். விலை கேட்கவில்லை. ஒன்று மட்டும் உண்மையைச் சொல்லிவிடவேண்டும்: அந்த அவசரத்திலும் முந்திரி என்று வந்தபோது, முழு முந்திரி வேண்டாம், உடைத்தது கொடு, வயிற்றுக்குள் போனால் எல்லாம் ஒன்றுதான் என்றார். ஊறிய புத்தி ஒரே நாளில் போய்விடுமா?

பின்னால் வருகிற வண்டி முந்திக்கொள்ளும் என்று ராஜ்கமல் படியில் நின்று கத்திக்கொண்டுதான் இருந்தான். ஆனால் கத்திக்கொண்டே இறங்கி வந்து, பால் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவனும் அவன்தான். பஸ் கிளம்பியபோது பையன்கள் தகரத்தில் தாளம் போட ஆரம்பித்தார்கள். ராஜ்கமல் விசிலை அதற்கு ஏற்ற மாதிரி ஊதினான். செண்டை மேளத்துக்குப் பன்னிரண்டாயிரம் கேட்டபோது வேண்டாம் என்று சொன்னது தணிகாசலத்துக்கு ஞாபகம் வந்தது. இப்போது அதில் மிச்சம் பிடித்ததை நினைத்துச் சந்தோஷப்படக்கூட அவருக்கு நேரம் இல்லை. மணி பதினொன்று இருபது.

காலாப்பட்டு ஸ்டாப்பில் சொந்தக்காரர்கள் என்று வந்து நின்றது ஆறு பேர். போனில் அழைத்தால் அப்படித்தான் வருவார்கள். பஸ்ஸில் வந்தவர்கள் இல்லாவிட்டால் ஆளுக்கு ஐந்து தட்டை அடுக்கித் தலையில் சுமந்திருக்கவேண்டும், சந்தைக்குப் போகிற மாதிரி. அந்த ஆறு பேரும் பால் பெட்டியையும் சேமியாவையும் தூக்கிக்கொண்டார்கள். ராஜ்கமலாலும் டிரைவராலும் வர முடியாது, வண்டிக்கு நேரம் ஆகிவிட்டது. வர முடியாத குறைக்கு, பஸ் கண்ணுக்கு மறைகிறவரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே போனார்கள்.

தெருமுனை திரும்பியதும் பந்தல் தெரிந்தது. வாசலில் கார்குழலி நின்றுகொண்டிருந்தாள், எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. பக்கத்தில் சிவசங்கரி. அண்ணன் என்ன, நடந்தே வருகிறாரா என்று அவள் அதுவரைக்கும் நாலு தரம் கேட்டுவிட்டாளாம், பிற்பாடு நிர்மலாவுக்குச் சொன்னார்கள். முதலில் வந்தது சின்னப்பாப்பா, பட்டுப்பாவாடைத் தட்டை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி, இடதும் வலதும் கூட்டாளிகளோடு. அடுத்து பவுடர் பூசின நர்ஸ். பிறகு ஜீன்ஸ் போட்ட பெண்கள், விரலிடுக்கில் சிமெண்ட் போகாத கொத்தனார், தாளம் போட்டுக்கொண்டே பையன்கள். தெருவில் இருந்தவர்களெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கடைசியில் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்ட, தேங்காய் பழத் தட்டோடு தாய்மாமன்.

சிவசங்கரி வரிசையைக் கடைசிவரை எட்டிப் பார்த்தாள். பிறகு, இவ்வளவு பேரும் யாரு என்று கேட்டாள்.

கார்குழலிக்கு அதில் ஒருத்தரையும் தெரியாது. அண்ணன் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் ஏதோ புரிந்துபோயிற்று, முழுக்கப் புரியாவிட்டாலும்.

"எங்க அண்ணன் ஆளுங்க அண்ணி" என்றாள்.

தலை நிமிர்ந்துதான் சொன்னாள். தணிகாசலம் பார்த்தார். நிமிர்ந்த தலை இன்னும் இரண்டு மணி நேரத்தில் மறுபடி குனிந்துவிட்டால்?

முப்பத்தொரு தட்டும் எடுத்த கையாலேயே வரிசையாக இறக்கி வைக்கப்பட்டன. சின்னப்பாப்பா கூடவே நின்று மேற்பார்வை பார்த்தாள். பதினொன்று ஐம்பதுக்கு சிந்துஜா பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு மாமன் மடியில் உட்கார்ந்தாள். பத்தர் ஒரு காதைக் குத்தியபோது அவளுக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை. அடுத்த காதுக்கு வந்தபோது தெரிந்துவிட்டது, போட்டாள் பாருங்கள் ஒரு சத்தம், கடலில் இருந்த படகுக்கே கேட்டிருக்கும். தணிகாசலம் அவள் வாயில் ஒரு கற்கண்டைப் போட்டார். கம்மல் காதில் ஆடியது. அழுதுகொண்டே சப்பிச் சாப்பிட்டாள். எமகண்டத்துக்கு மூன்று நிமிஷம் மிச்சம்.

குழந்தையைத் தங்கை கையில் கொடுத்த கையோடு அவர் சமையல் பக்கம் போனார். சமையல்காரர் எரிந்து விழுந்தார். சொன்னது ஒரு அண்டா, அது தயார், இப்போது இன்னொரு அடுப்பு எங்கே என்றார். தணிகாசலம் வாதாடவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, மூன்று கல்லை வைத்து அவரே அடுப்பு மூட்டினார். பால் பாக்கெட்டை ஒவ்வொன்றாகக் கடித்துக் கிழித்து ஊற்றினார். காலிப் பாக்கெட்டிலும் ஒட்டினதை விடாமல் தண்ணீர் விட்டு அலசி ஊற்றியதைப் பார்த்து, சமையல்காரர் கோபத்தை விட்டுவிட்டுச் சிரித்தார். நான் கிளறுகிறேன் நகருங்கள் என்று கரண்டியை வாங்கிக்கொண்டார்.

முதல் பந்தியில் சீர் தூக்கி வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். பையன்கள் சோற்றை மலையாக வாங்கினார்கள். சின்னப்பாப்பா நிதானமாக, ஒவ்வொரு கூட்டையும் தொட்டுப் பார்த்து, உப்பு பற்றி ஒரு கருத்துச் சொல்லிச் சாப்பிட்டாள். இரண்டாம் பந்தியின் நடுவில் முதல் அண்டா தட்டியது. டணார் என்று கரண்டி அடியில் இடிக்கிற அந்தச் சத்தம் பன்னிரண்டு வருஷமாகத் தணிகாசலத்தின் காதில் இருந்த சத்தம். கார்குழலிக்கும் கேட்டது. பந்தலின் மறுகோடியிலிருந்து அண்ணனைப் பார்த்தாள். அவர் ஒரு கையை உயர்த்தி, இரு என்று காட்டினார்.

மூன்றாம் பந்தி. அவர் நினைத்தபடியேதான் நடந்தது. சிவசங்கரி, முதல் இரண்டு பந்தியிலும் எல்லாரையும் உட்காரச் சொல்லிவிட்டு, இப்போது தன் இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாம்பார் போயிற்று, ரசம் போயிற்று. அப்பளத்தை நொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவள் இலையையே பார்த்தார்கள். அந்த வீட்டில் எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும்.

தணிகாசலம் வெற்று உடம்போடு, தோளில் துண்டோடு, வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆவி பறந்தது. சிவசங்கரி இலையில் ஒரு கரண்டி ஊற்றினார். அவள் நிமிர்ந்து பார்க்காமல் அப்பளத்தைப் போட்டுக் குழைத்துச் சாப்பிட்டாள். இன்னொரு கரண்டி ஊற்றினார். அதையும் சாப்பிட்டாள். மூன்றாவது கரண்டியை ஊற்றியபோது பாயசம் இலை ஓரம்வரை ஓடியது, அவள் கையால் அணை கட்டினாள். நான்காவது கரண்டிக்கு அவர் வாளியைச் சாய்த்தபோதுதான் அவள் நிமிர்ந்தாள்.

"போதும் மாமா, எனக்கும் சர்க்கரை இருக்குது" என்றாள். இலையில் ஒருமுறை விரலை ஓட்டினாள். "முந்திரிதான் ஒடஞ்சிருக்குது."

சொல்லிவிட்டு, இலையைத் தன் பக்கம் மடித்தாள்.

கார்குழலி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள், சிரிக்கப் போனாளா அழப் போனாளா என்று யாரும் பின்னால் போய்ப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளே ஒரு இலையைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் விரித்து, உட்காரவைத்துப் பரிமாறினாள். வாளியில் அடியில் இருந்ததெல்லாம் அவருக்குத்தான். வழித்து வழித்துச் சாப்பிட்டார்.

சாயங்காலம் கிளம்பும்போது அண்டாவில் இன்னும் கொஞ்சம் இருந்தது. வீணாக்க அவருக்கு மனசு வருமா? ஒரு தூக்குவாளியில் வாங்கிக்கொண்டார். காலித் தட்டு முப்பத்தொன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கித் துண்டால் கட்டினார். வந்த பஸ்ஸில் அதே ராஜ்கமல். தூக்குவாளியைத் திறந்து அவனுக்கும் டிரைவருக்கும் கொடுத்தார், சாப்பிட முடியாமல் போனவர்கள் அவர்கள் இரண்டு பேர்தானே. ராஜ்கமல் குடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு, தட்டுக் கட்டைப் பார்த்தான். தணிகாசலம் அவன் கேட்பதற்கு முன்பே கட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவன் இரண்டு டிக்கெட் மட்டும் கிழித்தான்.

நிர்மலா வழியெல்லாம் விரல் விட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தாள். வண்டிக்கு ஆயிரத்தைந்நூறு கேட்டார்கள், பாலும் சேமியாவும் மற்றதும் ஆயிரத்தெழுநூறைத் தாண்டிவிட்டதே என்றாள். அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு, வண்டியில் மிச்சம்தான் என்றார் தணிகாசலம். அதிலிருந்து அவர் இறங்கி வரவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

கருவடிக்குப்பம் பக்கம் இறங்கியபோது ஓர் ஆட்டோ வந்து நின்றது. நிர்மலா காலைப் பார்த்தாள், காலையிலிருந்து நின்ற கால். ஆட்டோக்காரர் எண்பது ரூபாய் என்றார். தணிகாசலம் மேட்டைப் பார்த்தார், ஆட்டோவைப் பார்த்தார், மனைவியின் முகத்தைப் பார்த்தார். பையிலிருந்து எண்பது ரூபாயை எடுத்து ஆட்டோக்காரர் கையில் கொடுத்து, நிர்மலாவை ஏற்றி உட்காரவைத்தார். அவள் நகர்ந்து இடம் விட்டாள்.

"நீ போ" என்றார். "நான் இதோ நடந்து வந்துடறேன். தட்டுக்கு லக்கேஜ் கேப்பான்."

முப்பத்தொரு தட்டையும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு மேட்டில் ஏறினார். ஒவ்வொரு அடிக்கும் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கலகலவென்று சத்தம் போட்டன. அன்றைக்கு அவர் வாயால் ஹாரன் அடிக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை.